தண்ணீர்ப் பக்கம்: கோடு மங்கினால் கவனம்

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், நீர்ப் பரிசோதனை ஆய்வுகூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.)

கேள்வி: ஐயா, எங்கள் பாடசாலை விஞ்ஞானக் கழகத்துக்கு, தண்ணீரில் பாசி நஞ்சைக் கண்டுபிடிக்கும் கிட் ஒரு பெட்டி நன்கொடையாகக் கிடைத்தது. நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் எடுத்த தண்ணீரைப் பரிசோதித்தோம். இரண்டு கோடு வந்தது. கொவிட் காலத்தில் இரண்டு கோடு வந்தால் தொற்று என்பார்களே, அதனால் பயந்துவிட்டோம். சேர் மட்டும், "இரண்டு கோடு வந்தால் நல்லதுதான்" என்கிறார். யார் சொல்வது சரி? இந்தக் கிட்டை எந்தளவு நம்பலாம்? கிட்டையே சோதித்துப் பார்க்க வழி உண்டா?
– உயர்தர மாணவி, தலவாக்கலை

பதில்: சேர் சொன்னதுதான் சரி, மகள். ஆனால் அந்த இரண்டாவது கோடு எவ்வளவு அழுத்தமாக இருந்தது என்று நீங்கள் எழுதவில்லையே. விஷயமே அதில்தான் இருக்கிறது.

உங்கள் கிட் தேடுவது மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை. நீலப்பச்சைப் பாசி என்று நாம் சொல்லும் உயிரிகளில் சில அதைத் தயாரிக்கின்றன. பாசி என்கிறோமே தவிர, அவை உண்மையில் பக்டீரியா வகை. இந்த நஞ்சு ஈரலைத்தான் முதலில் பிடிக்கும். மூலக்கூறு சிறியது என்பதால் கொவிட் ஸ்ட்ரிப் மாதிரி இரண்டு பக்கமும் பிடித்து அடையாளம் காட்ட முடியாது. அதனால் போட்டி முறையில் செய்கிறார்கள். ஸ்ட்ரிப்பில் கோடு வரவேண்டிய இடத்தில் நஞ்சின் ஒரு துண்டை ஏற்கனவே ஒட்டிவைத்திருப்பார்கள். நஞ்சைப் பிடிக்கும் பிறபொருளெதிரிகள், நிறத்துக்காகத் தங்கத் துணுக்குகள் ஒட்டப்பட்டு, குப்பிக்குள் இருக்கும். தண்ணீரில் நஞ்சு இல்லாவிட்டால் அவை நேரே போய்க் கோட்டில் ஒட்டிக்கொள்ளும். கோடு கருஞ்சிவப்பாகத் தெரியும். தண்ணீரில் நஞ்சு இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போய்விடும்; கோடு மங்கும். நஞ்சு நிறைய இருந்தால் கோடே வராது. மேலே இருக்கும் கட்டுப்பாட்டுக் கோடு எப்போதும் வர வேண்டும். அது வராவிட்டால் அந்த ஸ்ட்ரிப்பைக் குப்பையில் போடுங்கள், முடிவு எழுத வேண்டாம்.

அடுத்து, நீங்கள் செல் உடைக்கும் படியைச் செய்தீர்களா? உயிரோடு இருக்கும் பாசியில் நஞ்சின் பெரும்பகுதி செல்லுக்குள்ளேதான் இருக்கும். குளத்துத் தண்ணீரை அப்படியே ஸ்ட்ரிப்பில் விட்டால், செல்லுக்கு வெளியே கரைந்திருக்கும் கொஞ்ச நஞ்சுதான் அகப்படும். கோடு அழுத்தமாக வரும், நீங்களும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவீர்கள். குளத்து நீருக்கான கிட்டில் செல்லை உடைக்கும் மருந்து ஒரு குப்பியில் இருக்கும். சுத்திகரித்த குழாய்த் தண்ணீருக்கென்று விற்கும் சில கிட்டுகளில் அது இருக்காது. பெட்டியைத் திருப்பி, எந்தத் தண்ணீருக்கானது என்று முதலில் வாசியுங்கள். மருந்து இல்லையென்றால், ஆய்வுகூடங்களில் செய்வதுபோல மூன்று தடவை உறையவைத்து உருக்கலாம். பாடசாலையில் உறைவிப்பான் இருந்தால் அதற்கு ஒரு நாள் போதும்.

இனி, கிட்டைச் சோதிப்பது. ஹட்டனில் ஒரு விற்பனைப் பிரதிநிதி இப்படியொரு கிட்டைச் செய்துகாட்டியதை நான் பார்த்திருக்கிறேன். கழுத்துப்பட்டி கட்டிய தம்பி, நல்ல பேச்சு. மண்டபத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து ஸ்ட்ரிப்பை விட்டார். கோடு பளிச்சென்று வந்தது. "பாருங்கள், எவ்வளவு துல்லியம்!" என்றார். நஞ்சில்லாத தண்ணீரில் நஞ்சில்லை என்று சொல்ல வெறும் சிவப்புப் பேனா போதுமே! நஞ்சிருக்கும் தண்ணீரைக் கொடுத்தால் கோடு மங்குகிறதா என்று காட்டுங்கள் என்று கேட்டேன். அடுத்த தடவை கொண்டுவருவதாகச் சொன்னார்.

ஆகவே உங்களுக்கு மூன்று விதத் தண்ணீர் வேண்டும். ஒன்று, பாடசாலை ஆய்வுகூடத்தில் காய்ச்சி வடித்த நீர். இரண்டாவதும் மூன்றாவதும் தெரிந்த அளவு நஞ்சு கலந்தவை; ஒன்று நமக்கு முக்கியமான எல்லைக்குச் சற்றுக் கீழே, மற்றது மேலே. இவற்றை நீங்கள் தயாரிக்கவே கூடாது. நஞ்சின் நியமக் கரைசலைக் கையாளுவது பிள்ளைகளின் வேலையல்ல, அதை வாங்குவதும் லேசில்லை. இந்தத் துறையில் வேலை செய்யும் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றுக்கு உங்கள் அதிபர் மூலம் கடிதம் எழுதுங்கள். பேராதனை உங்களுக்குத் தூரமில்லை. ஏற்கனவே ஐதாக்கிய நீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் தரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், மைக்ரோசிஸ்டின் பல பிளாஸ்டிக் வகைகளின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஒரு மைக்ரோகிராம் கொண்டுவந்தால் அரை மைக்ரோகிராமாகக் காட்டலாம்.

எல்லை எது? உலகச் சுகாதார நிறுவனம் மைக்ரோசிஸ்டினுக்கு வைத்திருக்கும் வழிகாட்டல் அளவுகள் இவை: வாழ்நாள் முழுக்கக் குடிக்கும் நீரில் லீற்றருக்கு 1 மைக்ரோகிராம், அவசரத்தில் சில நாள் மட்டும் குடிக்கும் நீரில் 12, குளிக்கவும் நீந்தவும் 24. பின்னைய இரண்டும் 2020இல் வந்தவை. ஸ்ட்ரிப்புகள் பொதுவாக 1இலிருந்து 10 வரையான வட்டாரத்தில்தான் பேசும். கோடு முழுதாக மறைந்தால் 10க்கு மேல் என்று மட்டுமே தெரியும். பதினொன்றா, ஆயிரமா என்று தெரியாது. அப்போது ஒரு பங்குத் தண்ணீருக்கு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து மறுபடி செய்து, வரும் விடையைப் பத்தால் பெருக்குங்கள்.

குப்பிகளில் என்ன இருக்கிறது என்பது சேருக்கு மட்டும் தெரியட்டும். ஏ, பி, சி என்று எழுதி ஒட்டிவிட்டு, மூன்று பேர் தனித்தனியே பார்த்துத் தாளில் எழுதி மடித்துக் கொடுங்கள். "இது மங்கல்தானே?" என்று ஒருவர் வாயைத் திறந்தால் மற்ற இருவருக்கும் அது மங்கலாகத்தான் தெரியும். சிவப்பு நிறம் சரியாகத் தெரியாதவர்கள், ஆண் பிள்ளைகளில் குறிப்பாக, வகுப்புக்கு ஒருவராவது இருக்கக்கூடும். அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள். நேரம் எடுப்பதற்கும் ஆள் வேண்டுமே.

நேரம் என்றதும் நம் ஊர்க் குளிரைச் சொல்லாமல் விட முடியாது. இந்தக் கிட்டுகளைச் செய்கிறவர்கள் அறை வெப்பநிலை என்று எழுதுவது 20 பாகைக்கு மேலே உள்ள அறையை நினைத்து. நுவரெலியாப் பக்கம் ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி விழுகிற இடத்தில் நின்றுகொண்டு, "பத்து நிமிடம்" என்று எழுதியிருப்பதை அப்படியே பின்பற்றினால் ஒட்டவேண்டியது ஒட்டி முடிந்திருக்காது. கோடு மங்கும், நீங்கள் இல்லாத நஞ்சைக் கண்டுபிடிப்பீர்கள். தண்ணீரையும் கிட்டையும் வகுப்பறைக்குக் கொண்டுவந்து, இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்தபிறகு தொடங்குங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஸ்ட்ரிப் டப்பாவை உடனே திறக்கவும் கூடாது. உள்ளே ஈரம் படியும். மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்துபோகும் பாடசாலைகள் நமக்கு நிறைய. ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்ததும் டப்பாவை அந்த நொடியே மூடுங்கள். வேண்டுமென்றே ஒரு தடவை குளிரில் வைத்தும் செய்து பாருங்கள். காய்ச்சி வடித்த நீரிலேயே கோடு மங்குகிறதென்றால் அது உங்கள் அறிக்கையின் மிகப் பயனுள்ள பக்கம். கிட்டைச் செய்தவர்களே அதை வாசிக்க விரும்புவார்கள்.

சுத்தமான நீரில் சரியாக வேலை செய்யும் கிட், நம் தண்ணீரில் தடுமாறலாம். மழைக்குப் பிறகு வரும் செம்மண் கலங்கல், சருகு ஊறிய தேநீர் நிறம், இவை ஸ்ட்ரிப்பின் ஓட்டத்தைத் தடுக்கும், கோட்டை மறைக்கும். அதனால் நஞ்சில்லை என்று ஆய்வுகூடம் உறுதிசெய்த உங்கள் நீர்த்தேக்கத் தண்ணீரிலேயே தெரிந்த அளவு நஞ்சைக் கலந்து தரச் சொல்லி, அதையும் வாசித்துப் பாருங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரை எடுப்பதானால் சோடியம் தயோசல்பேற்று இட்ட போத்தல் கேளுங்கள். இல்லாவிட்டால் போகிற வழியிலேயே குளோரின் நஞ்சை உடைத்துக்கொண்டிருக்கும்.

கடைசியாக, ஒரே போத்தல் தண்ணீரைக் குலுக்கிப் பாதியாக்கி, ஒரு பாதியை நீங்களும் மறுபாதியை ஆய்வுகூடமும் பாருங்கள். அவர்கள் எலைசா முறையிலோ திரவ நிறப்பகுப்பு முறையிலோ செய்வார்கள். எண்கள் ஒன்றாக வராது. வரும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். மைக்ரோசிஸ்டினில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒவ்வொரு முறையும் அவற்றை ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும். எல்லைக்கு மேலா கீழா என்பதில் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். கீழே என்று கிட் சொல்லி மேலே என்று ஆய்வுகூடம் சொன்னால், அந்தப் பிழை ஒன்றே பத்துப் பொய் எச்சரிக்கையை விட மோசம். பொய் எச்சரிக்கையால் ஒரு நாள் அலைச்சல். மற்றதால் ஒரு லயத்து வரிசை வீடுகள் எல்லாமே நஞ்சைக் குடிக்கும்.

எத்தனை தடவை செய்வது என்று கேட்பீர்கள். பத்துக்குப் பத்து சரியாக வந்தது என்று பலர் மார்தட்டுவார்கள். கணக்குப்படி, முப்பது தடவை ஒரு பிழையும் இல்லாமல் வந்தாலும், உண்மையான பிழை நூற்றுக்குப் பத்து வரை இருக்க இடமுண்டு. உங்களிடம் இருக்கும் ஸ்ட்ரிப்புகளை எண்ணிவிட்டு, அதற்கேற்ப அடக்கமாக முடிவு எழுதுங்கள். உங்கள் கிட் மைக்ரோசிஸ்டினைத் தவிர மற்றப் பாசி நஞ்சுகளைப் பார்க்காது என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். நரம்பைத் தாக்கும் அனாடொக்சினுக்கும் சக்சிடொக்சினுக்கும் தனித்தனி ஸ்ட்ரிப் உண்டு.

கேள்வி: ஐயா, கோடையில் எங்கள் பீலி வற்றிவிட்டால் கீழே நீர்த்தேக்கத்தில்தான் தண்ணீர் எடுக்கிறோம். இந்த முறை ஓரமெல்லாம் பச்சைப் பெயின்ட் ஊற்றினதுபோல் இருக்கிறது. ஏட்டை ஒதுக்கிவிட்டு எடுத்து, நன்றாகக் கொதிக்கவைத்துக் குடித்தால் போதாதா?
– தோட்டத் தொழிலாளி, மஸ்கெலியா

பதில்: போதாது, தம்பி. வயிற்றோட்டக் கிருமியைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம். மைக்ரோசிஸ்டின் கொதிநீருக்கு அசையாது. அதைவிட, கொதிக்கும்போது பாசி செல்கள் உடைந்து உள்ளே இருக்கும் நஞ்சும் தண்ணீருக்கு வரும், தண்ணீரும் வற்றி நஞ்சு செறியும். அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் 2014 ஆகஸ்ட்டில் ஈரி ஏரித் தண்ணீரில் இந்த நஞ்சு வந்தபோது, ஏறக்குறைய நான்கு இலட்சம் பேருக்குக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம், கொதிக்கவைக்கவும் வேண்டாம் என்றுதான் அறிவித்தார்கள். பிரேசிலின் கருவாரு நகரில் 1996இல் சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தம் சுத்திகரிக்கப் பயன்படுத்திய தண்ணீரில் இது கலந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது நேரே இரத்தத்தில் கலந்த தண்ணீர், குடித்ததல்ல. என்றாலும் எந்த மாதிரியான பொருள் என்று அதில் விளங்கும்.

மண் பில்டர், துணி, சீனக்காரம் எதுவும் கரைந்த நஞ்சை எடுக்காது. கரையோரம்தான் காற்று பாசியை ஒதுக்கித் தள்ளும் இடம் என்பதால், நீங்கள் எடுக்கும் இடமே நீர்த்தேக்கத்தில் மோசமான இடமாக இருக்கலாம். பெயின்ட் மாதிரி இருக்கும்வரை குடிக்கவோ சமைக்கவோ குழந்தைகளைக் குளிப்பாட்டவோ வேண்டாம். மாட்டையும் நாயையும் இறக்க வேண்டாம். பிரதேசத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் படத்தோடு சொல்லுங்கள், தோட்ட நிர்வாகத்திடம் பவுசர் தண்ணீர் கேளுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்காமல் எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியில் கையொப்பம் வாங்கி வையுங்கள். இது விஞ்ஞானமில்லை, அனுபவம்.

கேள்வி: வாவியில் பாசி வந்தால் உடனே மரக்கறித் தோட்டக்காரனின் உரம் என்கிறார்கள். நகரத்துச் சாக்கடை யார் கண்ணுக்கும் தெரிவதில்லையா?
– விவசாயி, கந்தப்பளை

பதில்: தெரியும் அண்ணன், இரண்டும் சேர்ந்துதான். பாசிக்கு வேண்டியது பொஸ்பரஸும் நைதரசனும். அது லீக்ஸ் பாத்தியிலிருந்து வந்ததா, ஹோட்டல் கழிவுக்குழியிலிருந்து வந்ததா என்று பாசி பார்ப்பதில்லை. கண்டி வாவியைப் பாருங்கள். 1999இல், மைக்ரோசிஸ்டின் நஞ்சைச் செய்யக்கூடிய மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி அங்கே அப்படியே பூத்துக் கிடந்தது. அதன் கரையில் உருளைக்கிழங்குத் தோட்டமா இருக்கிறது? சுற்றிவர நகரம். அதே நேரம் கொத்மலை நீர்த்தேக்கத்திலும் 1990களில் இதே பாசி பூத்ததை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள், அதற்கு மேலே இருப்பதோ தேயிலையும் மரக்கறியும். கிரகரி வாவியிலிருந்து வழிவது நானு ஓயாவில் சேர்ந்து கொத்மலை ஓயாவுக்குப் போகிறது. அதாவது நுவரெலியா கழுவிவிட்டது எல்லாம் கீழே தேங்கி நிற்கிறது.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பொஸ்பரஸ் மண்ணைப் பிடித்துக்கொண்டுதான் பெரும்பாலும் இறங்கும். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போட்டு, கான் வெட்டி, மண் கரைவதை நிறுத்தினால் பாதிப் பிரச்சினை அங்கேயே நிற்கும். உரம் போடுவதற்கு முன் மண்ணைப் பரிசோதித்தால், பல தோட்டங்களில் பொஸ்பரஸ் ஏற்கனவே போதுமானதற்கு மேல் கிடப்பது தெரியவரும். காசும் மிச்சம்.

கேள்வி: எங்கள் பீலிக்கரைக் கானில் துரு நிறத்தில் சேறும், மேலே எண்ணெய் படர்ந்ததுபோல் மினுக்கமும் இருக்கிறது. இதுவும் பாசி நஞ்சா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: இல்லை. ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். கண்ணாடி உடைவதுபோல் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால் அது இரும்பு பக்டீரியா. மண்ணிலிருந்து ஊறும் இரும்பைத் தின்று வாழ்வது. உடனே மறுபடி ஒன்றுசேர்ந்தால் டீசலோ எண்ணெயோ, மேலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பைனஸ் காட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் மேல் மஞ்சள் மாவாகப் படிவது மகரந்தம். அதற்கும் பயந்து கடிதம் வந்திருக்கிறது.

கேள்வி: வீட்டுக்கு ஒரு கிட் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: வேண்டாம். விலையும் அதிகம், காலாவதித் திகதியும் உண்டு, அலுமாரியில் கிடந்தே கெட்டுப்போகும். பச்சையாக இருப்பது நீலப்பச்சைப் பாசிதானா, சாதாரணப் பச்சைப் பாசிதானா என்று பார்ப்பதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு, ஒரு கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி தண்ணீர் எடுங்கள். நிரப்ப வேண்டாம், உள்ளே வாயு சேரும். வெளியே துடைத்துவிட்டு, ஃப்ரிட்ஜில் சாப்பாட்டுச் சாமான்களுக்குத் தள்ளி, அசைக்காமல் ஓர் இரவு வையுங்கள். காலையில் பச்சை மேலே வளையமாக மிதந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் செல்களுக்குள் காற்றுப் பைகள் உண்டு. பச்சை அடியில் படிந்தால் பெரும்பாலும் மற்றப் பாசி. கரையில் ஒரு தடியை விட்டு எடுத்துப் பார்ப்பதும் உதவும்: முடிக்கற்றைபோல் தொங்கினால் இழைப் பச்சைப் பாசி, பெயின்டில் தோய்த்ததுபோல் வந்தால் சந்தேகப்படுங்கள்.

நஞ்சு இருக்கிறதா இல்லையா என்று இரண்டுமே சொல்லாது. நீலப்பச்சைப் பாசி எல்லாமே நஞ்சு செய்வதில்லை. மேலே மிதந்தால் அந்தத் தண்ணீரை விட்டு விலகிக்கொண்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். போத்தலைச் சமையலறைக்குத் திரும்ப எடுக்க வேண்டாம்.